வாலஸ் வாசிக்காத நாலு பார்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு நிரஞ்சனா அழைத்தாள். ஜூலை 12 சனிக்கிழமை மாலை, ஆழ்வார்பேட்டையில் நிகழ்ச்சி உறுதி. ஜாஸ். அவள் பியானோ, தணிகாசலம் பேஸ், பெரம்பூர் வாலஸ் டிரம்ஸ், வயலின் நான். அடுப்பை அணைக்காமல் பேசியதில் ஒரு தோசை கரிந்தது. அதை இவர் தட்டில் வைத்துவிட்டேன். இவர் அதையும் சாப்பிட்டார்.

இருபத்தெட்டு வருடமாக சினிமா இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறேன். எந்த நோட்ஸை நீட்டினாலும் முதல் பார்வையில் வாசிப்பேன். ஒருமுறை கேட்டதை ஒரு புள்ளி விடாமல் எழுதியும் கொடுப்பேன். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. அடக்கமாக இருப்பவர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து அங்கேயே மறந்துவிடுவார்கள்.

நிரஞ்சனாவுக்கு முப்பத்துமூன்று வயது. வெளிநாட்டில் ஜாஸ் படித்துவிட்டு வந்தவள். போன மாதம் ஒரு ரெக்கார்டிங்கில் என் வாசிப்பைக் கேட்டு, காரிடாரில் துரத்திவந்து பிடித்தாள். அன்று ஆன்ட்டி என்றாள். நான் பார்த்த பார்வையில் அக்கா ஆகிவிட்டேன்.

மொத்தம் ஒன்பது உருப்படிகள். எட்டுக்கு முழு நோட்ஸ் இருக்கிறது. கடைசி உருப்படி அவளே போட்ட 'எழும்பூர் 6.40'. அதன் நடுவில் டிரம்ஸ் நாலு பார், வயலின் நாலு பார், மறுபடி டிரம்ஸ், மறுபடி வயலின் என்று நாலு சுற்று வருகிறது. ஒருவர் கேட்பது, மற்றவர் பதில் சொல்வது. பியானோவும் பேஸும் அதுவரை சும்மா இருக்கும். பாருக்கு நாலு எண்ணிக்கை வீதம் என் பங்கு பதினாறு பார். அந்த இடத்தில் தாளில் வெறும் கோடுதான் இருக்கிறது.

"இதுல என்ன வாசிக்கணும்?" என்று கேட்டேன்.

"அப்ப என்ன தோணுதோ அதுதான்க்கா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் பதினாறு பார் என்பது அரை நிமிடம்கூட வராது. அரை நிமிடத்துக்கு எனக்குத் தோன்றாமலா போய்விடும்?

ஜூன் 5, வியாழன்

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எப்படித் தோன்றுகிறது என்பதைத் தோன்றுகிறவர்களிடமே கேட்டுவிட்டால் போயிற்று. சினிமாக்காரர்கள் நிறைந்த எங்கள் சாலிகிராமத்தில் பார்க்காமல் நடந்தாலே நாலு கலைஞர்கள் மேல் மோதலாம். பதினாலு கேள்விகள் எழுதி, எண் போட்டு, நோட்டுப் புத்தகத்தில் கேள்விக்குக் கீழே மூன்று மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. புதியது நாளைதான் வரும்.

ஜூன் 6, வெள்ளி

ரெக்கார்டிங் இடைவேளையில் தணிகாசலத்தைக் கேன்டீனில் உட்காரவைத்துவிட்டேன். இருபது வருடமாக என் பின்னால் நின்று பேஸ் வாசிக்கிறவர். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் ஜாஸ் என்று வந்துவிட்டால் தாள் இல்லாமல் மணிக்கணக்கில் வாசிப்பார்.

"முதல் கேள்வி. சொந்தமா வாசிக்கறதுக்கு முன்னால மனசுல என்ன நினைச்சுப்பீங்க?"

"பக்கத்துல இருக்கறவங்க என்ன வாசிக்கிறாங்கன்னு கேப்பேன்."

"அது சரி. நீங்க என்ன நினைப்பீங்க?"

"அதான் மேடம்."

"ரெண்டாவது கேள்வி. முதல் ஸ்வரத்தை எப்படி முடிவு பண்றீங்க?"

"அவங்க விட்ட எடத்துலேருந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் பெல் அடித்துவிட்டது. மூன்றாவது கேள்வியையாவது முடித்துவிடலாம் என்று எழுந்து நடந்தபடியே கேட்டேன். அவர் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

நல்ல மனிதர். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. இவர் வழக்கம்போல மொட்டை மாடியில் மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் காற்று வராதாம். மூன்று ஃபேன் ஓடுகிறது.

ஜூன் 11, புதன்

ஆழ்வார்பேட்டை அரங்கைப் பார்த்துவரப் போனேன். முந்நூறு நாற்காலி போடலாம். மேடைக்குப் பின்னால் முப்பதடிச் சுவரில் பரிமளா என்ற ஓவியர் சாரத்தில் ஏறி நின்று வரைந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கால் விரலெல்லாம் பச்சை பெயின்ட். அவரையும் விடவில்லை.

"மொத்தப் படமும் முன்னாடியே மனசுல இருக்குமா?"

"இருந்துச்சும்மா. பெரிய ஆலமரம். நேத்து நீல டப்பாவ கால் தட்டி விட்டுட்டேன். தோ, அந்த மூல பூரா ஓடிருச்சு."

"ஐயையோ. அழிச்சுட்டு மறுபடி வெள்ளை அடிச்சீங்களா?"

"எதுக்கு? நல்லா ஓடியிருக்கு பாருங்க. கொளமா வச்சுக்கிட்டேன். இப்ப மரத்த எங்க வைக்கறதுன்னு கொளந்தான் சொல்லணும்."

நான் ஐந்தாவது கேள்வியைக் கேட்டேன். அவர் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். "நீங்க வயலினா? கைய காட்டுங்க," என்று என் இடது விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். அது நோட்டுப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.

எழுதிக்கொண்டது: திட்டம் சரியில்லாததால் வேலை தாமதம். மரம் இன்னும் வரவில்லை.

ஜூன் 14, சனி

முதல் ஒத்திகை. நிரஞ்சனா வீட்டு மாடி. வாலஸை முதல்முறை பார்க்கிறேன். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர், வயது அறுபது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் நடன நிகழ்ச்சிகளுக்கு நாற்பது வருடம் டிரம்ஸ் அடித்தவர். அரைக்கால் சட்டையோடு ஒத்திகைக்கு வருகிறார். ஆண் பெண் வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் மேன் என்கிறார்.

எட்டு உருப்படிகளும் பிரமாதமாகப் போயின. "இந்த மாதிரி வயலினோட நான் வாசிச்சதே இல்லக்கா," என்றாள் நிரஞ்சனா. எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

கடைசி உருப்படியில் வாலஸ் நாலு பார் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வில்லில் தேய்க்கும் ரெசின் போதவில்லை. வழுக்கியது. அதனால் வாசிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் நோட்ஸ் ஸ்டாண்ட் ஆடியது. மூன்றாவது, நான்காவதில் அவரே அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் மட்டும் நாலு முறையும் அடித்தார். முழுவதையும் போனில் பதிவு செய்துகொண்டேன்.

டீ நேரத்தில் அவரிடம் முதல் கேள்வி.

"நான் ஆடறவங்க காலப் பாப்பேன் மேன். ஷூ எங்க எறங்குதுன்னு பாத்து அடிப்பேன். ஆடத் தெரியாதவன் வந்தான்னு வையி, அவன் தப்பா வைக்கிற எடத்துல நானும் ஒண்ணு போடுவேன். அவன் கரெக்டா ஆடறான்னு எல்லாரும் நெனப்பாங்க." பிறகு பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே கேட்டார். "நீ எத பாப்ப?"

"நோட்ஸை," என்றேன்.

நிரஞ்சனாவிடமும் கேட்டேன். "தெரியாதுக்கா. தெரிஞ்சா தினமும் வருமே," என்றாள். வெளிநாட்டில் போய் நாலு வருடம் படித்தவள் சொல்லும் பதில் இது.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் போன் பதிவைப் போட்டுக் கேட்டேன். வாலஸ் அடித்த பதினாறு பாரையும் ஓர் அடி விடாமல் நோட்ஸாக எழுதிவிட்டேன். மாலை ஆகிவிட்டது. மதியம் சாப்பிட்டேனா என்று இவரைத்தான் கேட்க வேண்டும்.

இனி சுலபம். கேள்வி கையில் இருக்கிறது. பதிலை நிதானமாக எழுதலாம்.

ஜூன் 19, வியாழன்

எழுதி முடித்தேன். நாலு பதில்கள். இரண்டாவது பதில் மிக அழகு, நானே சொல்லக் கூடாது. வில் மேலே போவது, கீழே வருவதுகூடக் குறித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக வாசிக்கிறேன். பார்ப்பவர்களுக்கு அந்த நிமிடம் தோன்றியதுபோலவே இருக்கும்.

ஜூன் 21, சனி

இரண்டாவது ஒத்திகை. கடைசி உருப்படியில் வாலஸ் வேறு என்னவோ அடிக்கிறார். என் முதல் பதில் அவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் போய் விழுந்தது. நான் நிறுத்தினேன்.

"போன வாரம் வாசிச்சதை வாசிங்க வாலஸ்."

"போன வாரம் இன்னா வாசிச்சேன்?"

இதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். இன்னொரு ஸ்டாண்டை அவர் முன்னால் வைத்து, தாளை விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எனக்கு நோட்ஸ் படிக்க வராது மேன்."

"இது நீங்க வாசிச்சதுதான். ஓர் அடி விடாம எழுதியிருக்கேன்."

"இத்த நானா வாசிச்சேன்?"

"நீங்கதான்."

"நான் நல்லா வாசிப்பேன்னு தெரியும். இம்மாம் புள்ளி வைப்பேன்னு தெரியாது."

தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நிரஞ்சனா சிரிக்கவில்லை. "அக்கா, நீங்க பதிலையும் எழுதிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எழுதிட்டேன். இவர் கேள்விய மாத்தினா என் பதில் என்ன ஆகறது?"

வாலஸ் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "பயமா மேன்?"

"எனக்கென்ன பயம்? ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்னு சொல்றேன்."

"சரி. அந்த ரெக்கார்டிங்க என் போனுக்கு அனுப்பு," என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் முழுவதையும் சொன்னேன். எழுதிக் கொடுத்தால்கூடப் படிக்கத் தெரியாத ஆளோடு எப்படி வேலை செய்வது என்று கேட்டேன். இவருக்கு இருமல் வந்து எழுந்து போய்விட்டார். சிரித்தாரோ என்னவோ.

ஜூன் 24, செவ்வாய்

கடைசி மாங்காய்கள். நாலு கிலோ வாங்கி ஊறுகாய்க்கு நறுக்கினேன். விரலைப் பார்த்து நறுக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 28, சனி

மூன்றாவது ஒத்திகை. வாலஸ் ஒரு வாரமாகத் தன் பழைய வாசிப்பைத் தானே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். அப்படியே அடித்தார். நானும் அப்படியே பதில் வாசித்தேன். முதல்முறையாக எல்லாம் சரியாக நடந்தது. ஓர் அடி பிசகவில்லை.

முடிந்ததும் யாரும் எதுவும் பேசவில்லை. நன்றாக இருந்தால் ஸ்டூடியோவிலும் யாரும் பேசமாட்டார்கள். தணிகாசலம் பேஸின் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். வாலஸ் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். களைப்பாக இருந்தார், வயதாகிறது பாவம்.

திருப்தியான நாள்.

ஜூன் 29, ஞாயிறு

நிரஞ்சனா அழைத்தாள்.

"அக்கா, அந்த நாலு நாலு பாரை எடுத்துரலாம்னு நினைக்கிறேன். மெலடி முடிஞ்சதும் நான் என் சோலோவுக்குப் போயிடறேன். நீங்க மெலடி மட்டும் வாசிங்க, போதும்."

"ஏன், தப்பா வாசிச்சேனா?"

"இல்லக்கா. தப்பே இல்ல."

பிறகு அவளே சொன்னாள். "வாலஸ் அங்கிள் நேத்து போன் பண்ணாரு. 'என்னையே நான் காப்பி அடிச்சேம்மா, கை கூசுது'ன்னாரு. உங்களுக்காகத்தான் செஞ்சாராம். இனிமே செய்யமாட்டாராம்."

சரி என்றேன். நல்ல முடிவு. எனக்கும் பாரம் குறைந்தது. பதினாறு பாரில் என்ன வந்துவிடப் போகிறது.

பாத்திரங்களை எல்லாம் விளக்கினேன். இவர் வந்து பார்த்துவிட்டு, காலையிலேயே விளக்கியாயிற்றே என்றார்.

ஜூன் 30, திங்கள்

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஊறுகாய்க்கு உப்பு போட்டேனா என்று நினைவில்லாமல் இரண்டாவது முறையும் போட்டுவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

இவருடைய ஒன்றுவிட்ட தம்பி மகள் கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். வழக்கம்போல அந்தப் பழைய சினிமாப் பாட்டை ஆரம்பித்தார்கள். எங்கே போனாலும் அதை வாசிக்கத்தான் செய்கிறார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன் எட்டு பார் மாண்டலின் வரும். அது வருவதற்குள் இவர் எழுந்து, "கிளம்பலாமா?" என்றார். வழக்கம்போலத்தான். ஐஸ்கிரீம்கூட இன்னும் வரவில்லை.

ஆட்டோவில் கேட்டேன். "ஏங்க, எப்பவும் அந்த மாண்டலின் பிட் வரும்போதே கிளம்பிடறீங்க?"

இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்."

"இருபத்தாறு வருஷமாவா?"

"ஆமா."

"மாடியில போய் வாசிக்கிறதும் அதுக்குத்தானா?"

இவர் தலையை ஆட்டினார். நான் அழுதேன். ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கினார்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. யாராவது கேட்டால் அன்று மைக் கோளாறு என்றுதான் சொல்வேன். மைக் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இருபத்துநாலு வயது. அந்த எட்டு பாருக்கு இசையமைப்பாளர் வயலின்தான் கேட்டார். என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "நீங்களா ஏதாவது வாசிங்கம்மா," என்றார். நான், "நோட்ஸ் எங்க சார்?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஐந்து டேக் போனது. ஐந்திலும் எட்டு பாருக்கு வெறும் மௌனம். நாற்பது வயலின்காரர்கள் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "நீங்க உக்காருங்கம்மா, போதும்," என்று சொல்லிவிட்டு மூலையில் இருந்த மாண்டலின் பையனைக் கூப்பிட்டார். அவன் ஒரே டேக்கில் வாசித்தான். ஊரே பாடியது. அடுத்த வருடம் அவன் என்னைப் பெண் கேட்டு வந்தான்.

அன்று கேட்ட 'போதும்'தான் ஞாயிற்றுக்கிழமை போனிலும் கேட்டது. எனக்குப் பாரம் குறையவில்லை. எனக்கு அந்தப் பதினாறு பார் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "நாளையிலேருந்து கீழயே வாசிங்க."

"காத்து வராதே."

"மூணு ஃபேன் இருக்கு."

ஜூலை 4, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் பெரம்பூர் போனேன். வாலஸ் வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி ஹேசல். என் வயலின் பெட்டியைப் பார்த்ததுமே, "ஓ, அந்தப் புள்ளி வச்ச லேடியா, வாங்க," என்றார். நான் எழுதிய தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள். தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள்.

வாலஸ் பின்கட்டில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "கேள்வி லிஸ்ட் கொண்டாந்தியா?"

"இல்ல."

"ஒக்காரு."

உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். "நான் செஞ்சது தப்பு. நீங்க கோவமா இருக்கீங்களா?"

"பின்ன? நான் பேசுனத நீ எழுதி, என் கைலயே குடுத்து, திருப்பிப் பேசுன்னா? என் பொண்டாட்டிகூட அப்படிக் கேட்டதில்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு அந்த ஐந்து டேக்குகளையும் பற்றி அவரிடம் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் வாய்திறந்து சொல்லாத விஷயம். அவர் குச்சிகளைக் கையில் எடுத்தார். "பெட்டியத் தொற," என்றார்.

அவர் நாலு பார், நான் நாலு பார். முதல் ஒரு மணி நேரம் எழுத வெட்கமாக இருக்கிறது. பழைய பதில்களே விரலில் வந்து நின்றன. அவர் அடிக்கும்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்று இரண்டு மூன்று நாலு, இரண்டு இரண்டு மூன்று நாலு. என் முறை எப்போது வரும் என்பதைத் தவிர அவர் அடித்த எதுவும் என் காதில் ஏறவே இல்லை. கேன்டீனில் தணிகாசலம் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதும் நான் அடுத்த கேள்வியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஹேசலின் குக்கர் விசில் அடித்தது. வாலஸ் அந்த விசிலுக்கு ஒன்று போட்டார். அது இரண்டாவது விசில் அடித்தது. சொல்லிவைத்ததுபோல அந்த இடத்தில் வாலஸின் தட்டும் சரியாக விழுந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. அரை பார் தாமதமாக, சிரிப்போடு சிரிப்பாக வில்லை இழுத்தேன். என்ன வந்ததோ, அது அவர் அடித்ததற்குப் பதிலாக இருந்தது. அவர் நிறுத்தாமல் மேலே அடித்துக்கொண்டே, "ஆங்! இப்ப பேசுற மேன்!" என்று கத்தினார்.

திரும்பி வர ஐந்து மணி ஆனது. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்டக்டர் சில்லறை இல்லை என்று சண்டை போட்டார். எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை.

ஜூலை 5, சனி

ஒத்திகை. வயலினை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "நிரஞ்சனா, அந்த நாலு நாலு பார் திரும்ப வேணும்."

"அக்கா, டிக்கெட் எல்லாம் வித்தாச்சு. அன்னைக்கு நின்னுட்டீங்கன்னா?"

"வாசிச்சுக் காட்டறேன்."

மூன்று முறை வாசித்தோம். இரண்டு முறை நன்றாக வந்தது. ஒருமுறை மூன்றாம் சுற்றில் ஒன்றுமே வராமல் நின்றுவிட்டேன். கை ஜில்லிட்டது, இருபத்துநாலு வயதில் ஜில்லிட்ட அதே இடத்தில்.

நிரஞ்சனா நகத்தைக் கடித்தாள். "இது கடைசி உருப்படி அக்கா. ஜனங்க அதத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க."

நான் கெஞ்சவில்லை. "மூணுல ரெண்டு வந்திருக்கு. போன வாரம் நூத்துக்கு நூறு வந்துச்சே, அது உனக்குப் பிடிச்சுதா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். "இருக்கட்டும் நிரஞ்சனா. நின்னாலும் இவங்களா நின்னதா இருக்கும்ல." இன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

நிரஞ்சனா பென்சிலை எடுத்து, தாளில் அந்த நாலு நாலு பாரின் மேல் தான் அடித்திருந்த கோட்டை அழித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

தணிகாசலத்துக்குக் கேன்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, அன்று முடிக்காமல் விட்டதைச் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினார்! மனிதருக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது?

ஜூலை 11, வெள்ளி

நாளைக்கு. சேலைக்கு ரவிக்கை பிரித்துத் தைத்தாயிற்று. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஜூலை 13, ஞாயிறு

காலை. ஆராதனைக்குப் போகவில்லை, கர்த்தர் பொறுத்துக்கொள்வார். இவர் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மாண்டலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

நேற்று அரங்கு நிறைந்துவிட்டது. பின்னால் பரிமளாவின் சுவரில் மரம் வந்திருந்தது. குளத்தைச் சுற்றி வளைந்து, நான் நினைத்தே பார்க்காத இடத்தில் நின்றது. இவர் மூன்றாவது வரிசை. எட்டு உருப்படிகளும் நன்றாகப் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நான் கெட்டிக்காரி.

கடைசி உருப்படி. மெலடி முடிந்தது. பியானோ நின்றது, பேஸ் நின்றது. வாலஸ் நாலு பார் அடித்தார். சின்னதாக, எனக்கு வழிவிடுவதுபோல அடித்தார். நானும் சின்னதாகவே சொன்னேன். இரண்டாம் சுற்றில் கொஞ்சம் சீண்டினார். நானும் சீண்டினேன். ஜனங்கள் சிரித்தார்கள். மூன்றாம் சுற்றில் திடீரென்று சத்தத்தை எல்லாம் அடக்கி, விரல் நகத்தால் டிரம்மின் தோலைச் சுரண்டினார். அவ்வளவுதான், நாலு பாரும் அதுதான். என் கை ஜில்லிட்டது. ஜில்லிட்ட கையோடேயே வில்லை வைத்தேன். கீழ்க் கம்பியில் மூன்று ஸ்வரம் மேலே ஏறி, வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே போகாமல் நின்றது. மறுபடி அதே மூன்று. மறுபடியும் நின்றது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாலாம் சுற்று. வாலஸின் முறை. குச்சிகளைத் தூக்கினார். அடிக்கவில்லை.

ஒரு பார் போனது. தூக்கிய கை அப்படியே இருந்தது. இரண்டாவது பார். நிரஞ்சனா அவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். மூன்றாவது. முந்நூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. எனக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். எட்டு பார் கணக்கில் ஐந்து முறை அதில் நின்றிருக்கிறேன். ஆனால் நேற்று நின்றவள் நான் இல்லை. நான்காவது பாரும் முடிந்தது. என் முறை வந்தது. அவர் பதில் சொல்லாத கேள்விக்கு நானே பதில் சொன்னேன். வாசலில் நின்றதை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தேன். நிரஞ்சனாவின் பியானோ வந்து சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு கைதட்டலில் எனக்கே என் வயலின் கேட்கவில்லை.

மேடையை விட்டு உள்ளே வந்ததும் வாலஸ் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னா மேன் கேட்ட நீ? அதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல!"

"அதுக்காக நாலு பாரும் சும்மா நின்னுடறதா?"

"எதுனா அடிச்சு ஒப்பேத்திருப்பேன். நீ சொல்லப் போறேன்னு தெரிஞ்சுது. கேக்கணும்னு இருந்துச்சு."

நாற்பது வருடமாக டிரம்ஸ் அடிக்கிற மனிதரை முந்நூறு பேர் முன்னால் நாலு பார் வாயடைக்க வைத்திருக்கிறேன். எப்படி என்று கேட்டால், எனக்குத் தெரியாது.